சிட்னியிலிருந்து உள்நாட்டுப் பழைய ஊர்களுக்குக் கார் பயணம்: முதல்முறை கிளம்புவோருக்கு

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தபோது, கடற்கரையும் ஓப்பரா ஹவுஸும் பார்த்து முடித்த பிறகு, நீல மலைகளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கச் சுரங்க ஊர்களைக் காட்டலாம் என்று கிளம்பினோம். வரைபடத்தில் எல்லாம் கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் அந்த நான்கு நாளில் இரண்டு நாள் வீணாகப் போயிற்று. பூட்டிய கடைகள், இருட்டில் சாலை, விளக்கணைத்துவிட்ட மோட்டல், திரும்பி வந்து மூன்று வாரம் கழித்து வந்த பில் என்று ஒவ்வொன்றாகப் பட்டோம். ஆறு மாதம் கழித்து அதே பாதையில் மறுபடி போனோம். எல்லாம் நன்றாக அமைந்தது. இரண்டு பயணத்துக்கும் இடையில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் அந்த முதல் பயணத்தைத் தாண்டி நேராக இரண்டாவதற்கே போய்விடலாம்.

பாதை இதுதான்: சிட்னி, பாதர்ஸ்ட், சோஃபாலா, ஹில் எண்ட், மட்ஜி, கல்காங், வெலிங்டன், ஆரஞ்சு, மில்தார்ப், கார்கோர், கவுரா, பிறகு யாஸ், கோல்பர்ன் வழியாகத் திரும்பி சிட்னி. மொத்தம் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர், ஐந்து பகல், நான்கு இரவு. பெரும்பகுதி விராஜுரி என்ற பழங்குடி மக்களின் நிலம்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள், பிறகு தூரத்தை

நாங்கள் செய்த பெரிய தவறு, வாடகை குறைவு என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பியது. திங்களும் செவ்வாயும் சிறிய ஊர்களில் நடமாட்டமே இருக்காது. காபிக் கடை, பழம்பொருள் கடை, தொண்டர்கள் நடத்தும் அருங்காட்சியகம் என்று பாதிக்குமேல் பூட்டியிருக்கும். தெருவின் இரண்டு பக்கமும் 1870களில் கட்டிய கடைகள், மரத்தூண் வைத்த தாழ்வாரம், எல்லாம் அழகுதான். ஆனால் அம்மாவுக்கு ஒரு டீ வாங்கித் தர இடமில்லை.

வியாழன் காலை கிளம்பி திங்கள் இரவு திரும்புங்கள். அப்படிச் செய்தால் மிகச் சிறிய ஊர்கள் எல்லாம் வெள்ளி, சனி, ஞாயிறில் வந்துவிடும். திங்களுக்கு நெடுஞ்சாலையும் கவுராவின் ஜப்பானியத் தோட்டமும் மட்டும் மிஞ்சும், அந்தத் தோட்டம் திங்களும் திறந்திருக்கும். வெள்ளி, சனி அறை வாடகை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பரவாயில்லை, அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

சிறிய ஊர்களில் திறந்திருக்கும் நேரமும் குறைவு. பல காபிக் கடைகளில் மதியம் இரண்டு, இரண்டரைக்குச் சமையலறையை மூடிவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு ஊருக்கும் காலை பத்திலிருந்து இரண்டுக்குள் போய்ச் சேரும்படி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்தப் பயணத்தில் உதவிய ஒரே கணக்கு இதுதான்.

மாதம் என்று பார்த்தால் ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் நல்லவை. ஏப்ரல் கடைசியில் ஆரஞ்சு, மில்தார்ப் பக்கம் மரங்கள் சிவந்து நிற்கும். செப்டம்பரில் கவுராவைச் சுற்றிக் கனோலா வயல்கள் மஞ்சளாகப் பூத்திருக்கும். ஜூன், ஜூலையில் இரவுக் குளிர் சுழியம் டிகிரிக்கு இறங்கும், மாலை ஐந்துக்கே இருட்டிவிடும். வயதானவர்களை அழைத்துப் போவதானால் அந்த இரண்டு மாதங்களைத் தவிருங்கள். டிசம்பர், ஜனவரியில் வெயிலும் ஈயும் அதிகம், காட்டுத்தீ அபாயமும் உண்டு.

தவிர்க்க வேண்டிய நாட்களும் இருக்கின்றன. அக்டோபரில் பாதர்ஸ்ட் 1000 கார் பந்தய வாரத்தில் சுற்றுவட்டாரத்தில் ஒரு அறைகூடக் கிடைக்காது. ஈஸ்டர், ஜூன் மாத அரசர் பிறந்தநாள் விடுமுறை, அக்டோபர் தொழிலாளர் தின விடுமுறை, இவற்றிலும் அறை வாடகை எகிறும். மட்ஜி திராட்சைத் தோட்ட ஊர், கல்யாணங்கள் நடக்கும் ஊர். சனிக்கிழமை என்றால் பல இடங்களில் இரண்டு இரவு எடுத்தே ஆக வேண்டும் என்பார்கள். அதனால்தான் என் திட்டத்தில் மட்ஜி வெள்ளி இரவுக்கு வருகிறது.

2. ஓட்டுநர் உரிமம்: யார் ஓட்டலாம்?

சுற்றுலா விசாவில் வந்திருப்பவர் ஊரில் எடுத்த உரிமத்தை வைத்தே நியூ சவுத் வேல்ஸில் ஓட்டலாம். உரிமம் காலாவதியாகாமல் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு உரிம அட்டை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, அதனால் மொழிபெயர்ப்பு தேவையில்லை. சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருந்தால் கார் வாடகைக் கவுண்டரில் கேள்வி குறையும். அதைப் பரிவாகன் தளம் வழியாக விண்ணப்பித்து ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். இங்கே வந்த பிறகு அதை வாங்குவது பெரும்பாடு, ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடச் சொல்லுங்கள்.

இங்கே குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. நிரந்தர வசிப்புரிமை உள்ளவர் மூன்று மாதத்துக்குள் நியூ சவுத் வேல்ஸ் உரிமத்துக்கு மாற வேண்டும். மாணவர் விசா, வேலை விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கும் 2023 ஜூலை 1 முதல் ஒரு கெடு வந்துவிட்டது. இங்கே ஆறு மாதம் வசித்துவிட்டால் மாற்றியாக வேண்டும். "ஊர் லைசென்ஸே போதும், நான் அஞ்சு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்" என்று பழைய நண்பர்கள் சொல்வதைக் கேட்டு இருந்துவிடாதீர்கள். உரிமம் செல்லாது என்றால் காப்பீடும் கைகொடுக்காது.

பி-பிளேட்டில் (புதிதாக ஓட்டத் தொடங்கியவருக்கான தற்காலிக உரிமம்) இருப்பவரும் ஓட்டுவார் என்றால், சிவப்பு பி 90 கிலோமீட்டருக்கு மேலும், பச்சை பி 100க்கு மேலும் போகக் கூடாது. வழி பார்க்கக்கூட அவர்கள் போனைப் பயன்படுத்த முடியாது. பக்கத்தில் இருப்பவர்தான் வழி சொல்ல வேண்டும்.

உரிமத்தின் அசல் அட்டையைக் கொண்டு போங்கள். டிஜிலாக்கரில் இருக்கிறது என்று போனைக் காட்டினால் கவுண்டரில் ஏற்க மாட்டார்கள்.

3. கார்: கையெழுத்துப் போடுவதற்கு முன்

பெரிய நிறுவனங்களில் 21 வயது நிறைந்தவருக்குக் கார் தருவார்கள். 25க்குக் கீழே என்றால் நாள் கணக்கில் கூடுதல் கட்டணம். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். டெபிட் கார்டை எல்லாக் கிளைகளிலும் வாங்குவதில்லை, வாங்கினாலும் கூடுதலாகப் பணத்தைப் பிடித்துவைப்பார்கள். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவதானால் இரண்டு பேரின் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்துவிட்டால் முழுத் தொகையும் உங்கள் பொறுப்பு.

அடுத்தது எக்ஸஸ். காருக்கு ஏதாவது ஆனால் நீங்கள் கட்ட வேண்டிய முதல் தொகை அது. பெரும்பாலும் 4,000, 5,000 டாலர் அளவில் இருக்கும். கவுண்டரில் அதைக் குறைக்க நாளுக்கு 30 டாலருக்கு மேல் கேட்பார்கள். வாடகைக் கார் எக்ஸஸுக்கு என்றே தனிக் காப்பீடு ஆன்லைனில் நாளுக்கு 12, 15 டாலருக்குக் கிடைக்கிறது. இரண்டாவது பயணத்தில் நான் அதைத்தான் எடுத்தேன். ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: விபத்து நடந்தால் முதலில் உங்கள் கார்டிலிருந்து முழு எக்ஸஸும் போகும். அதற்கப்புறம் விண்ணப்பித்துத்தான் திரும்பப் பெற வேண்டும். கார்டில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்.

ஒன்று, தார் போடாத சாலை. சாதாரண வாடகைக் காரை மண் சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்றே பெரும்பாலும் இருக்கும். முதல் பயணத்தில் போன் காட்டிய குறுக்கு வழியில் திரும்பினோம். இரண்டாவது கிலோமீட்டரிலேயே தார் முடிந்து கப்பி தொடங்கிவிட்டது. திரும்ப இடமில்லாமல் அப்படியே போனோம். எதிரே வந்த வண்டி தெறித்த ஒரு கல், கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு 600 டாலருக்கு மேல் கட்டினேன்.

இரண்டு, கண்ணாடியும் டயரும். அடிப்படைக் காப்பீட்டில் இவை பல நேரம் சேராது.

மூன்று, இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே விலங்கு மோதினால் காப்பீடு உண்டா என்பது. சில ஒப்பந்தங்களில் இல்லை.

குழந்தை இருந்தால்: ஏழு வயதுக்குக் கீழே உள்ள எல்லாக் குழந்தைக்கும் ஆஸ்திரேலியத் தரச் சின்னம் உள்ள இருக்கை கட்டாயம். ஊரிலிருந்து கொண்டுவந்த இருக்கை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இங்கே செல்லாது.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவின்போது கட்டும் கிரீன் ஸ்லிப் என்ற கட்டாயக் காப்பீடு, காயமடையும் மனிதர்களுக்குத்தான். இடித்த காருக்கோ வேலிக்கோ அதில் ஒரு காசு வராது. குறைந்தபட்சம் மூன்றாம் நபர் சொத்துக் காப்பீடாவது வேண்டும். சாலையோர உதவித் திட்டமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹில் எண்ட் பக்கம் வண்டி நின்றுவிட்டால் இழுத்துவரும் செலவு மிக அதிகம்.

4. டோல்: பணம் வாங்கும் சாவடி இருக்காது

சிட்னியில் டோல் முழுக்க மின்னணு முறை. கடந்து போனதே தெரியாது, பில் பின்னால் வரும். வாடகைக் கார் என்றால் டோலோடு நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் சேரும். மேற்குப் பக்கம் இருப்பவர்களுக்கு இது எளிது. எம்4 சாலையில் பாரமட்டாவுக்கு மேற்கே டோல் கிடையாது. காரை விமான நிலையத்தில் எடுக்காமல் பாரமட்டா பக்கம் எடுத்தால் டோலும் மிச்சம், விமான நிலையக் கூடுதல் கட்டணமும் மிச்சம். போனில் "டோல் தவிர்" என்பதைக் கிளம்பும் முன்பே அழுத்திவிடுங்கள்.

5. நாள்வாரியாகப் பாதை

*வியாழன்: சிட்னி – பாதர்ஸ்ட், ஏறத்தாழ 180 கிலோமீட்டர்.* பெண்டில் ஹில்லிலோ வென்ட்வர்த்வில்லிலோ தமிழ்க் கடையில் அரிசி, ஊறுகாய், அப்பளம் வாங்கிக்கொண்டு கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். கட்டூம்பாவில் கால் நீட்டலாம். மலை இறங்கும் விக்டோரியா பாஸ் செங்குத்து. கியரைக் குறைத்துப் போங்கள், பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்காதீர்கள். கிளம்பும் காலையில் லைவ் டிராஃபிக் செயலியைப் பார்ப்பது கட்டாயம். மலைச் சாலை அடைபட்டால் பெல்ஸ் லைன் சாலையில் போக வேண்டியிருக்கும்.

பாதர்ஸ்ட் 1815இல் உருவான ஊர், ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஊர்களில் மிகப் பழையது. கார் பந்தயம் நடக்கும் மவுண்ட் பனோரமா தடம் மற்ற நாட்களில் பொதுச்சாலைதான். 6.2 கிலோமீட்டர், நீங்களும் ஓட்டலாம், கட்டணம் கிடையாது. ஆனால் வேகம் 60தான், இருவழிப் போக்குவரத்து, போலீஸ் அடிக்கடி நிற்கும். வேகமாகப் போகலாம் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

*வெள்ளி: பாதர்ஸ்ட் – சோஃபாலா – ஹில் எண்ட் – மட்ஜி, ஏறத்தாழ 200 கிலோமீட்டர்.* பெட்ரோலை பாதர்ஸ்டிலேயே நிரப்புங்கள். சோஃபாலா, ட்யூரான் ஆற்றங்கரையில் ஒரே குறுகலான தெரு. அரை மணி போதும். அங்கிருந்து ஹில் எண்டுக்கு 38 கிலோமீட்டர் தார்ச் சாலை, வளைவு அதிகம். போன் "பிரைடில் டிராக்" என்று ஒரு பாதையைக் காட்டினால் போகாதீர்கள், அது ஜீப் வகை வண்டிகளுக்கானது.

ஹில் எண்டில் மட்டும் அவசரப்பட வேண்டாம், குறைந்தது மூன்று மணி நேரம் கொடுங்கள். 1870களின் தொடக்கத்தில் 28 சாராயக் கடைகள் இருந்த ஊர் அது. இன்று மிஞ்சியிருப்பது ராயல் ஹோட்டல் ஒன்றுதான். இங்கே ஒரு சுரங்கத்தில்தான் 1872இல் ஹோல்டர்மன் கட்டி என்ற மாபெரும் தங்கப் பாறை கிடைத்தது. அந்தக் காலத்தில் ஊரை வீடு வீடாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். இன்று வெறும் புல் முளைத்த மனைகளின் முன்னால், அதே இடத்தில் நின்ற கடையின் படம் பலகையில் இருக்கும். அம்மா ஒரு பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றார். படத்தில் கடை வாசலில் இடுப்பில் கைவைத்து ஒரு பெண், பக்கத்தில் ஒரு சிறுவன். பலகைக்குப் பின்னால் பார்த்தால் புல்லும் ஒரு வேலிக்கம்பமும் மட்டும்தான். "எல்லாரும் எங்கே போயிட்டாங்க?" என்று கேட்டார். தங்கம் தீர்ந்தது, ஊரும் காலியானது என்றேன். ஒன்றும் சொல்லாமல் அடுத்த பலகைக்கு நடந்தார்.

பாதையை விட்டு விலகிப் புதருக்குள் நடக்காதீர்கள். மூடாத பழைய சுரங்கக் குழிகள் இருக்கின்றன. இருட்டும் முன் மட்ஜி சேரும்படி நேரத்தோடு கிளம்பி, வந்த வழியே சோஃபாலா திரும்பி, இல்ஃபோர்டு வழியாகப் போய்விடுங்கள்.

*சனி: மட்ஜி – கல்காங் – வெலிங்டன் – ஆரஞ்சு, ஏறத்தாழ 200 கிலோமீட்டர்.* கல்காங், 1966இல் வந்த முதல் 10 டாலர் நோட்டில் எழுத்தாளர் ஹென்றி லாசனின் படத்தோடு அச்சான ஊர். முன்னோடிகள் அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. பழைய கலப்பை, தையல் மெஷின், அச்சு இயந்திரம் என்று அறை அறையாகக் கிடக்கிறது. அப்பாவுக்கு இந்தப் பயணத்தில் பிடித்த இடம் இதுதான். வெலிங்டன் குகைகளுக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும், நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் படிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

*ஞாயிறு: ஆரஞ்சு – மில்தார்ப் – கார்கோர் – கவுரா, ஏறத்தாழ 110 கிலோமீட்டர்.* தூரம் குறைவு, வேண்டுமென்றே அப்படி வைத்தேன். மில்தார்ப்பில் கருங்கல் பாவிய ஓரங்களும் நல்ல சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. கார்கோர் ஒரு பள்ளத்தாக்கில் உட்கார்ந்திருக்கும் சிறு ஊர், நடந்தே பார்த்துவிடலாம்.

*திங்கள்: கவுரா – யாஸ் – கோல்பர்ன் – சிட்னி, ஏறத்தாழ 420 கிலோமீட்டர்.* 1944 ஆகஸ்ட் 5 அன்று ஜப்பானியப் போர்க்கைதிகள் முகாமை உடைத்துக்கொண்டு வெளியேறிய ஊர் கவுரா. முகாம் இருந்த இடம், கல்லறை, பிறகு தோட்டம் என்ற வரிசையில் பாருங்கள், காலை பதினொன்றுக்குள் முடியும். கோல்பர்னில் 15 மீட்டர் உயரச் செம்மறிக் கடாச் சிலைக்கு அருகே பெட்ரோலும் கழிப்பறையும் உண்டு. நேரமிருந்தால் கொஞ்சம் சுற்றி ஹெலன்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வீடு திரும்பலாம். கோயில் கேன்டீன் திறந்திருக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

6. தங்குமிடம்

மூன்று வகை இருக்கிறது. மோட்டல் அறை 140 முதல் 200 டாலர் வரை. பழைய ஹோட்டல் என்ற பெயரில் இருக்கும் பப்பின் மாடி அறை 80 முதல் 120 வரை, ஆனால் குளியலறை பொதுவாக இருக்கும், வெள்ளி இரவில் கீழே பாட்டுக் கச்சேரி நடக்கும். மூன்றாவது, கேரவன் பூங்காவில் உள்ள கேபின். 150லிருந்து 190 டாலருக்கு இரண்டு படுக்கையறை, சிறு சமையலறை, வாசலில் கார். பெற்றோரோடு போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மோட்டல் வரவேற்பறை இரவு முழுவதும் திறந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏழரை, எட்டுக்குப் பூட்டிவிடுவார்கள். முதல் பயணத்தில் இரவு 8.40க்குப் போய் நின்றோம். விளக்கு அணைந்திருந்தது. கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த எண்ணுக்கு ஆறு முறை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை. குளிரில் அப்பா காருக்குள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் வேறொரு இடத்தில் 260 டாலர் கொடுத்துத் தங்கினோம், முன்பதிவுப் பணமும் திரும்பவில்லை. தாமதமாகும் என்று தெரிந்ததும் மாலை ஐந்துக்குள் ஒரு போன் போடுங்கள், போதும். சாவியைப் பெட்டியில் வைத்து எண்ணைச் சொல்லிவிடுவார்கள். காலி செய்ய வேண்டிய நேரம் காலை பத்து, அதில் கறாராக இருப்பார்கள்.

7. சாப்பாடு

பப்பிலும் கிளப்பிலும் மதியச் சாப்பாடு 12 முதல் 2, இரவு 6 முதல் 8. எட்டரைக்குப் போனால் சமையலறை மூடியிருக்கும். ஆர்எஸ்எல் கிளப் (முன்னாள் படைவீரர் சங்கத்தின் கிளப்), பவுலிங் கிளப் எல்லாவற்றிலும் வெளியூர்க்காரர் வாசலில் புகைப்பட அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துவிட்டு உள்ளே போகலாம். குடும்பத்தோடு உட்கார நல்ல இடம், விலையும் நியாயம். பாதர்ஸ்ட், மட்ஜி, ஆரஞ்சில் இந்திய உணவகம் உண்டு. மற்ற ஊர்களில் சைவம் என்றால் சூடான சிப்ஸ், சீஸ் டோஸ்ட், காய் பர்கர்தான். சிப்ஸ் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள், சில இடங்களில் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளிலும் பில்லில் 10, 15 சதவீதம் கூடுதலாகச் சேர்ப்பார்கள்.

சின்ன மின்சார ரைஸ் குக்கர் ஒன்றை எடுத்துப் போனோம். கேபினில் சோறு வடித்துத் தயிரும் ஊறுகாயும் போட்டுக்கொண்டால் அப்பா அம்மாவுக்கு வயிறு நிறைந்தது. ஆனால் மோட்டல் அறையில் தாளிக்காதீர்கள். கடுகும் மிளகாயும் வெடிக்கும் புகையில் அலாரம் அடித்து தீயணைப்பு வண்டி வந்தால், பொய் அலாரத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம் உண்டு. மோட்டல்காரர் அதை உங்களிடம்தான் வசூலிப்பார். பூங்காக்களில் இலவச மின்சார அடுப்புகள் இருக்கின்றன, தோசையே சுடலாம்.

8. ஓட்டும்போது

இருட்டும் முன் ஊர் சேருங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். சூரியன் மறையும் நேரத்திலும் விடியும் நேரத்திலும் கங்காருக்கள் சாலைக்கு வரும். ஒன்று தாண்டினால் பின்னாலேயே இன்னொன்று வரும். குறுக்கே வந்தால் நேராகப் பிரேக் போடுங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். உயிர் போகும் விபத்துகள் வளைத்து மரத்தில் மோதுவதால்தான் நடக்கின்றன.

பார்க்கிங் பலரையும் தடுமாற வைக்கும். பல ஊர்களில் பிரதான தெருவில் 45 டிகிரி சாய்வாக, காரின் பின்பக்கம் நடைபாதையைப் பார்க்க நிறுத்த வேண்டும். பலகையில் எழுதியிருக்கும். முன்பக்கமாக நுழைத்தால் அபராதம். செய்யும் முறை: இடது இண்டிகேட்டர் போட்டு, காலி இடத்தைத் தாண்டி ஒரு கார் நீளம் முன்னால் போய் நில்லுங்கள், பிறகு ரிவர்ஸில் வளைத்து உள்ளே விடுங்கள். முதல்முறை எனக்குக் கை வியர்த்தது. பின்னால் ஒரு பெரிய யூட் வண்டி (பின்பக்கம் திறந்த சரக்குத் தட்டு உள்ள கார்) வந்து நின்றது. ஹாரன் அடிப்பார் என்று பயந்தேன். அவர் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டபடி, ஸ்டியரிங் மேல் கைவைத்துக் காத்திருந்தார். நான் இரண்டு தடவை முன்னும் பின்னும் போய் நுழைத்ததும் ஸ்டியரிங்கிலிருந்து ஆட்காட்டி விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அந்தப் பக்கம் அது வணக்கம் சொல்லும் முறை. நீங்களும் திரும்ப ஆட்காட்டி விரலை உயர்த்துங்கள்.

பள்ளிக்கூட நாட்களில் காலை 8 முதல் 9.30, மதியம் 2.30 முதல் 4 வரை பள்ளிப் பகுதியில் வேகம் 40. நெடுஞ்சாலை ஊருக்குள் நுழையும்போது 100லிருந்து 50க்கு இறங்கும், அங்கேதான் போலீஸ் நிற்பார்கள். ஓட்டும்போது போன் பிடிப்பவர்களைக் கண்டுபிடிக்கச் சாலையில் வைத்திருக்கும் கேமரா சீட் பெல்ட்டையும் பார்க்கிறது. பின்னால் உட்காரும் அம்மாவும் பெல்ட் போட வேண்டும், சேலைக்கு மேலேயே சரியாகப் போடலாம். சாலையில் தண்ணீர் ஓடினால் எவ்வளவு ஆழம் என்று பார்க்க இறங்க வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

பெட்ரோல் நாமேதான் போட வேண்டும். போட்ட பிறகு பம்ப் எண்ணைச் சொல்லி உள்ளே பணம் கட்ட வேண்டும். மூடிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் குழாயை எடுங்கள். டீசலைப் போட்டுவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஃப்யூவல்செக் செயலியில் ஊர்வாரியாக விலை தெரியும்.

9. போன், மருந்து

இந்தப் பக்கம் டெல்ஸ்ட்ரா சிக்னல்தான் ஓரளவு கிடைக்கும், ஹில் எண்டில் அதுவும் தடுமாறும். பூஸ்ட் நிறுவனத்தின் ப்ரீபெய்டு சிம் முழு டெல்ஸ்ட்ரா வலையில் வேலை செய்யும், ஒரு மாதத்துக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவையுங்கள். அவசரத்துக்கு 000.

சுற்றுலா விசாவில் வந்த பெற்றோருக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, ஆம்புலன்ஸுக்கும் கட்டணம். பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். சிறிய ஊர்களில் மருந்துக்கடை சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும். ஒரு வாரத்துக்கான மாத்திரையும், மருத்துவர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

10. எங்களுக்கு ஆன செலவு

நான்கு பேர், இரண்டாவது பயணம், ஆஸ்திரேலிய டாலரில்: கார் ஐந்து நாளுக்கு 400, எக்ஸஸ் காப்பீடு 70, பெட்ரோல் 170, நான்கு இரவு கேபின் 680, சாப்பாடு 400, நுழைவுக் கட்டணங்கள் 180. மொத்தம் 1,900. இதற்கு மேல் கார்டில் பிடித்துவைத்த முன்பணம் தனி.

அறைகளை ஆறு வாரம் முன்பு பதிவு செய்தேன், காரை நான்கு வாரம் முன்பு. ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையிலேயே எடுங்கள். மலைச் சாலை அடைபட்டாலோ தீ எச்சரிக்கை வந்தாலோ அது உதவும்.

11. காரைத் திருப்பித் தரும்போது

காரை எடுக்கும்போதே சுற்றிலும் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள், விடும்போதும் அதேபோல ஒன்று எடுங்கள். கண்ணாடி, நான்கு சக்கரங்கள், கூரை, கிலோமீட்டர், பெட்ரோல் முள், எல்லாம் தெரிய வேண்டும். அருகிலுள்ள பங்கில் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கிளை மூடிய பிறகு சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வராதீர்கள். ஆள் இருக்கும்போது கொடுத்து, சேதம் இல்லை என்று எழுதி வாங்குங்கள். பிடித்துவைத்த பணம் கார்டுக்குத் திரும்ப ஏழு முதல் பத்து நாள் ஆகும். டோல் பில் வர மூன்று வாரம்கூட ஆகலாம். அதனால் ரசீதையும் வீடியோவையும் இரண்டு மாதம் அழிக்காமல் வைத்திருங்கள்.